ரொக்க உதவி நிற்கும்போது குழந்தைக்கு என்ன ஆகிறது: அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் ரொக்க உதவியைக் குறைப்பது பற்றிய விவாதம் எப்போதும் பெற்றோரைச் சுற்றியே நடக்கிறது. வேலை தேடுகிறாரா, எத்தனை வருடமாக வாங்குகிறார், உதவியில் இருக்கும்போதே இன்னொரு குழந்தை எதற்கு என்று கேள்வியெல்லாம் அவர்களை நோக்கித்தான். ஆனால் இந்தப் பணத்தை நம்பி இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குழந்தைகள். உதவி பெறும் குடும்பங்களில் சுமார் பாதியில் பெரியவர் யாரும் கணக்கிலேயே இல்லை. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், உடற்குறைபாட்டுக்காகத் தனி உதவி பெறுவோரின் பிள்ளைகள், குடியேற்றச் சட்டப்படி பெற்றோருக்குத் தகுதி இல்லாததால் தமக்கு மட்டும் உதவி பெறும் பிள்ளைகள் என்று அந்தப் பாதி நிரம்பியிருக்கிறது. பெற்றோரைத் திருத்துவதற்காக எடுக்கும் நடவடிக்கை பிள்ளையின் மேல் வந்து விழுவது இதனால்தான்.

இன்றைய ஏற்பாட்டின் அடித்தளம் 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம். 1935-இல் தொடங்கிய பழைய திட்டத்தில், தகுதியுள்ள குடும்பம் விண்ணப்பித்தால் அரசு கொடுத்தே ஆக வேண்டும். புதிய சட்டம் அந்த உரிமையை எடுத்துவிட்டு, ‘டானிஃப்’ எனப்படும் தற்காலிக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலரை மொத்த மானியமாகக் கொடுக்கும். விதிகளை மாநிலங்கள் வகுத்துக்கொள்ளும். அந்தத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயரவே இல்லை. 1996-க்குப் பிறகு விலைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டதால் மானியத்தின் உண்மை மதிப்பு இன்று பாதிதான். யாரும் மசோதா கொண்டுவராமல், யாரும் வாக்களிக்காமல், வருடா வருடம் நடக்கும் வெட்டு இது.

1997-இல் இந்தத் திட்டத்தின் செலவில் 71 சதவீதம் குடும்பங்களின் கைக்கு ரொக்கமாகப் போனது. 2020-இல் 22 சதவீதம். மீதியை மாநிலங்கள் வேலைப் பயிற்சி, குழந்தைப் பராமரிப்பு, கல்லூரி உதவித்தொகை, குழந்தைகள் பாதுகாப்புத் துறை என்று பல இடங்களில் செலவிடலாம், சட்டம் அனுமதிக்கிறது. மிசிசிப்பியில் இது எல்லை மீறிப் போனது. அங்கே குறைந்தது 7.7 கோடி டாலர் தவறாகச் செலவழிக்கப்பட்டதாக மாநிலத் தணிக்கையில் தெரியவந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் கைப்பந்து அரங்கத்துக்குக்கூட அந்தப் பணம் போயிருந்தது. அதே காலத்தில் அங்கே மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்குக் கிடைத்த அதிகபட்ச மாத உதவி 170 டாலர். 2021-இல்தான் அது 260 ஆனது. ஆர்கன்சாவில் 2024-இலும் 204 டாலர்தான். அந்த ஆண்டு மூவர் குடும்பத்துக்கான மத்திய அரசின் வறுமைக்கோடு மாதம் சுமார் 2,150 டாலர். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இத்தனை சிறிய தொகையை நிறுத்தினால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில், அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்பதில் இருக்கிறது.

மற்ற உதவிகளில் பெரும்பாலானவை ரொக்கமாக வருவதில்லை. ‘ஸ்னாப்’ உணவு உதவி அட்டையில் அரிசி, பால், காய்கறி வாங்கலாம். டயப்பர் வாங்க முடியாது. சோப்பு, பற்பசை, துணி துவைக்கும் தூள், மாதவிடாய் நாப்கின், கழிப்பறைக் காகிதம், காய்ச்சல் மருந்து எதையும் வாங்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான ‘விக்’ திட்டம் பட்டியலில் உள்ள உணவுகளையும் குழந்தைப் பால்மாவையும் மட்டும் தரும். மெடிக்கெய்ட் மருத்துவச் செலவை ஏற்கும், மின்கட்டணத்தை ஏற்காது. வீட்டு வாடகை உதவி, தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. வாடகையில் விழும் துண்டு, பேருந்துக் கட்டணம், செல்பேசி ரீசார்ஜ், பள்ளிக்குப் போட்டுப்போகும் செருப்பு இவை எல்லாவற்றுக்கும் அந்த இருநூறோ நானூறோதான்.

டயப்பரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வரை தேவை. மாதச் செலவு 80 முதல் 100 டாலர். பணம் இல்லாத தாய் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஈர டயப்பரை இன்னும் சில மணி நேரம் விட்டுவைப்பது. முதலில் தொடையிடுக்கில் தோல் சிவந்து புண்ணாகும். சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரும். வலியில் குழந்தை தூங்காது, தாயும் தூங்க முடியாது. பெரும்பாலான குழந்தைக் காப்பகங்கள், நாள் முழுவதற்கும் தேவையான டயப்பரைப் பெற்றோரே கொண்டுவர வேண்டும் என்கின்றன. கொண்டுவராவிட்டால் அன்று குழந்தையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தையை விட இடமில்லாத தாய் அன்று வேலைக்கோ பயிற்சி வகுப்புக்கோ போக முடியாது. போகாத மணி நேரம் பதிவேட்டில் குறைவாக விழும். குறைந்தால் உதவித்தொகை வெட்டு. வேலைக்குப் போக வைப்பதற்காகப் போட்ட விதி, வேலைக்குப் போவதற்குத் தேவையான காசையே பறித்துக்கொள்கிறது.

பால்மாவிலும் இதேதான், அபாயம் இன்னும் அதிகம். மாத முடிவில் டப்பா காலியாகும் நிலையில் அளவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது பரவலாக நடக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் சிறுநீரகத்தால் அந்த அதிகத் தண்ணீரைச் சமாளிக்க முடியாது. இரத்தத்தில் சோடியம் குறைந்து, குழந்தை துவண்டு, வலிப்பு வரை போகலாம். வெட்டின் விளைவு சில நாட்களிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும் இடம் இது.

வெட்டு எந்த வழியாக வருகிறது

ஒரு குடும்பத்தின் உதவி நிற்கப் பல வழிகள் உண்டு. முதலாவது தண்டனை வெட்டு. தனித் தாயோ தந்தையோ வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை தொடர்பான செயலில் இருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் 20 மணி நேரம். இதைக் காட்டத் தவறினால் பெரும்பாலான மாநிலங்கள் பெரியவரின் பங்கை மட்டும் அல்ல, முழுக் குடும்பத்தின் உதவியையும் நிறுத்த முடியும். தவறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல், பழைய முகவரிக்குப் போன கடிதம், மேலாளர் கையெழுத்திடாத வேலை நேரத்தாள், கடைசி நிமிடத்தில் மாற்றப்பட்ட ஷிப்ட் போன்றவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. உடல்நலக் குறைவு, மன அழுத்தம், வீட்டு வன்முறை உள்ள தாய்மார்களே அதிகம் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது இத்துறையில் நீண்டகாலமாகத் தெரிந்த செய்தி. அதாவது, எந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பணம் மிக அவசியமோ அவர்கள் வீட்டில்தான் அது முதலில் நிற்கிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு முடிச்சு உணவு உதவியில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு குடும்பத்தின் வருமானம் குறைந்தால் ஸ்னாப் தொகை ஓரளவு உயரும். கணக்கிடும் வருமானத்தில் ஒரு டாலர் குறைந்தால் சுமார் 30 சென்ட் கூடும். 400 டாலர் போனால் 120 டாலர் வரை திரும்பக் கிடைக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதியை மீறியதற்குத் தண்டனையாக ரொக்கம் குறைக்கப்பட்டிருந்தால், அந்தக் குறைவுக்காக ஸ்னாப் தொகையை உயர்த்தக் கூடாது என்று 1996 சட்டமே தடுக்கிறது. ஏற்கெனவே அதிகபட்ச ஸ்னாப் தொகை வாங்கும் குடும்பங்களுக்கு எந்த நிலையிலும் உயர வழியில்லை. ரொக்கம் போன மாதத்தில் சாப்பாட்டிலாவது கொஞ்சம் ஈடு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பொய்த்துப்போகிறது.

இரண்டாவது வழி கால வரம்பு. மத்திய சட்டப்படி ஒரு பெரியவர் வாழ்நாளில் 60 மாதம் வாங்கலாம். மாநிலங்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். கான்சாஸ் 24 மாதமாகக் குறைத்தது. அரிசோனா 12 மாதம் வரை கொண்டுவந்தது. இரண்டு வயதில் உதவி தொடங்கிய குழந்தைக்கு மூன்று வயதில் அது முடிந்துவிடும். அப்போது அது பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்திருக்காது.

மூன்றாவது, குடும்ப உச்சவரம்பு. உதவி வாங்கும்போது பிறக்கும் குழந்தைக்குக் கூடுதல் தொகை கிடையாது. நியூ ஜெர்சி 1992-இல் தொடங்கிவைத்த இந்த விதியைப் பல மாநிலங்கள் பின்பற்றின. கலிஃபோர்னியா 2016-இலும் நியூ ஜெர்சியே 2020-இலும் அதைக் கைவிட்டன. மூன்று பேருக்கான பணத்தில் நான்கு பேர் வாழ்வதைத் தவிர அந்த விதி வேறெதையும் குறிப்பிடும்படி சாதிக்கவில்லை என்பதே என் மதிப்பீடு.

நான்காவது, காகித வேலை. புதுப்பித்தல் படிவம் தாமதமானால் கணக்கு மூடப்படும், மறுபடி விண்ணப்பித்தால் ஓரிரு மாதத்தில் திறக்கும். கணக்கேட்டில் இது சிறிய இடைவெளி. வாடகைக்கு அது பெரிய பள்ளம்: தாமதக் கட்டணம், வெளியேற்ற நோட்டீஸ், நீதிமன்றப் பதிவு. அந்தப் பதிவு இருந்தால் அடுத்த வீட்டுக்காரர் வீடு தர மாட்டார். நடுப்பருவத்தில் பள்ளி மாறும் பிள்ளை, விட்ட பாடத்தைப் பிடிக்க மாதக்கணக்கில் திணறும். உதவி திரும்ப வந்துவிட்டாலும் இந்தச் சேதம் திரும்புவதில்லை.

இத்தனைக்கும் பிறகு 1996-இல் ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கு 68-க்குக் கிடைத்த உதவி, 2020-இல் நூற்றுக்கு 21-க்குத்தான் கிடைத்தது.

ஆய்வுகள் காட்டுவது

சீர்திருத்தத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் தனித்தாய்மார் வேலைக்குப் போவது வேகமாகக் கூடியது, குழந்தை வறுமை குறைந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் பொருளாதாரம் செழித்திருந்தது, உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகை 1993-இல் பெரிதாக விரிவாக்கப்பட்டிருந்தது. வேலை கிடைத்தவர்கள் மேலே வந்தார்கள். வேலையும் உதவியும் இரண்டும் இல்லாமல் போனவர்கள் முன்பைவிடக் கீழே போனார்கள். சராசரியைப் பார்த்தால் இந்த இரண்டாவது கூட்டம் கண்ணில் படாது.

வெட்டின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க 2021 ஒரு வாய்ப்பைத் தந்தது. அந்த ஆண்டு ஜூலை 15 முதல் டிசம்பர் 15 வரை, ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மாதம் 300 டாலர், 6 முதல் 17 வயது வரை 250 டாலர் என்று குழந்தை வரிச்சலுகை நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை கிடைத்தது அதுவே முதல் முறை. ஜனவரியில் நாடாளுமன்றம் நீட்டிக்காமல் விட்டது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மாதக் கணக்குப்படி குழந்தை வறுமை டிசம்பரில் 12.1 சதவீதம், ஜனவரியில் 17 சதவீதம். ஒரே மாதத்தில் சுமார் 37 லட்சம் குழந்தைகள் கோட்டுக்குக் கீழே போனார்கள். அரசு உதவிகளையும் வரிச்சலுகைகளையும் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும் துணை வறுமை அளவீட்டில், 2021-இல் 5.2 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 2022-இல் 12.4 சதவீதம் ஆனது. கொரோனா காலச் சிறப்புத் தொகைகள் நின்றதும் இந்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது. ஆனாலும் அந்த டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே பெற்றோரின் குணமோ முயற்சியோ மாறிவிடவில்லை. மாறியது வங்கிக் கணக்குக்கு வந்த பணம்.

நீண்டகால விளைவுக்கு மிகத் தெளிவான சான்று வேறொரு திட்டத்தில் இருக்கிறது. எஸ்.எஸ்.ஐ. என்பது உடல் அல்லது மனக் குறைபாடுள்ள ஏழைகளுக்கு, குழந்தைகள் உட்பட, கிடைக்கும் மாத ரொக்க உதவி. 1996 சட்டம், 18 வயது நிரம்பும் ஒவ்வொருவரையும் பெரியவர்களுக்கான கடுமையான அளவுகோலில் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. சட்டம் கையெழுத்தான ஆகஸ்ட் 22-க்கு முன்பு 18 ஆனவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். அதற்குப் பின் ஆனவர்களில் பலர் நீக்கப்பட்டார்கள். சில வார வயது வித்தியாசம் தவிர இரண்டு கூட்டமும் ஒன்றேதான். மனசி தேஷ்பாண்டே, மைக்கேல் முல்லர்-ஸ்மித் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இவர்களை இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நீக்கப்பட்டவர்கள் மேல் குற்ற வழக்குகள் 20 சதவீதம் கூடின. கூடியவை பெரும்பாலும் பணத்துக்காகச் செய்யும் குற்றங்கள்: திருட்டு, போதைப்பொருள் விற்பனை, மோசடி, பாலியல் தொழில். ஓர் ஆண்டில் சிறைக்குப் போகும் வாய்ப்பு 60 சதவீதம் உயர்ந்தது. காவல், நீதிமன்றம், சிறைச் செலவையெல்லாம் கூட்டினால், உதவியை நிறுத்தியதில் அரசு மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துபோகிறது.

எதிர்த் திசையிலிருந்தும் சான்று உண்டு. 1911-க்கும் 1935-க்கும் இடையே மாநிலங்கள் கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாருக்குச் சிறு உதவித்தொகை கொடுத்தன. விண்ணப்பம் ஏற்கப்பட்ட தாய்களின் மகன்களை, நிராகரிக்கப்பட்டவர்களின் மகன்களோடு ஒப்பிட்டால் முன்னவர்கள் சுமார் ஓர் ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள், கூடுதலாகப் படித்தார்கள், வாலிபத்தில் எடைக்குறைவும் குறைவு. சில வருடப் பணம் எழுபது வயதிலும் தடம் விட்டிருந்தது.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாய்வதில்லை. 2018-இல் தொடங்கிய ‘பேபிஸ் ஃபர்ஸ்ட் இயர்ஸ்’ என்ற சோதனையில், நான்கு பகுதிகளில் ஆயிரம் ஏழைத் தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் தரப்பட்டன. நான்கு வயதில் மொழித்திறன், நடத்தை, மூளை அலை எதிலும் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இதிலிருந்து ‘வெட்டினால் பாதிப்பில்லை’ என்ற முடிவுக்குப் போகவும் முடியாது. அங்கே சோதித்தது மேலும் ஒரு தொகையைச் சேர்ப்பதை, அதுவும் கொரோனா உதவிகள் இரு குழுக்களுக்கும் வந்துகொண்டிருந்த காலத்தில். ஏற்கெனவே வாடகை ஒப்பந்தத்துக்கும் கார் தவணைக்கும் கணக்கில் வைத்த பணத்தை எடுப்பது வேறு. சேர்த்தால் கிடைக்கும் பலன் மெதுவாக வரும். எடுத்தால் வெளியேற்ற நோட்டீஸ் அடுத்த மாதமே வரும்.

குழந்தையையே இழக்கும் இடம்

மிகக் கடுமையான விளைவு, குழந்தை வீட்டைவிட்டே எடுத்துச் செல்லப்படுவது. அமெரிக்காவில் அரசின் வளர்ப்புப் பராமரிப்புக்குப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோரின் கோப்பில் இருக்கும் காரணம் அடித்ததோ கொடுமைப்படுத்தியதோ இல்லை, கவனிக்காமல் விட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடு, காலியான குளிர்ப்பெட்டி, வேலைக்குப் போன தாய் தனியே விட்டுப்போன ஏழு வயதுப் பிள்ளை. இவற்றில் எத்தனை கவனிப்பின்மை, எத்தனை வெறும் வறுமை என்று பிரிப்பது விசாரிக்கும் அதிகாரிக்கே கடினம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் டானா கின்தரும் சக ஆய்வாளர்களும் மாநிலங்களின் விதிகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, டானிஃப் விதிகள் இறுகிய இடங்களில் பராமரிப்புக்குப் போகும் குழந்தைகள் கூடினார்கள். தளர்ந்த இடங்களில் குறைந்தார்கள்.

வளர்ப்புக் குடும்பத்துக்கு ஒரு குழந்தைக்காக அரசு கொடுக்கும் தொகை, அதே குழந்தைக்காகப் பெற்ற தாய்க்குக் கொடுத்ததைவிடப் பொதுவாக மிக அதிகம். அதோடு அதிகாரி, வழக்கறிஞர், நீதிமன்றச் செலவும் சேரும். அரிசோனா தன் டானிஃப் பணத்தில் பாதிக்கும் மேல் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கே செலவிட்டு வந்திருக்கிறது. ரொக்கத்துக்கு 12 மாத வரம்பு கொண்டுவந்த மாநிலமும் அதுவே. தாயிடம் இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுக்க மறுத்த பணம், தாயிடமிருந்து பிரித்த பிறகு செலவாகிறது.

சேதத்தைக் குறைக்கும் வழிகள்

நிதி நெருக்கடியில் வெட்டு தவிர்க்க முடியாது என்று ஒரு மாநிலம் முடிவெடுத்தாலும், எப்படி வெட்டுவது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தண்டனை பெரியவரின் பங்கோடு நிற்க வேண்டும். பிள்ளைகளின் பங்கைத் தொடக் கூடாது. நிறுத்தும் முன் கடிதம் மட்டும் அனுப்பாமல் தொலைபேசியிலோ நேரிலோ பேசிவிட்டால், உண்மையில் தகுதியுள்ள பல கணக்குகள் மூடப்படாமல் தப்பும். தொகையை விலைவாசியோடு இணைப்பது இவற்றைவிட முக்கியம். இணைக்காவிட்டால் மற்ற எல்லா விதியும் நன்றாக இருந்தாலும் உதவி தானே தேய்ந்துவிடும்.

நோட்டீஸ் வந்த குடும்பம் செய்யக்கூடியது சிலவும் உண்டு. நலத்திட்ட உதவியை நிறுத்தும் முன் விசாரணைக்கு வாய்ப்பு தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970-இல் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் தீர்ப்பளித்தது. கடிதத்தில் குறிப்பிட்ட கெடுவுக்குள், பல மாநிலங்களில் இது பத்து நாள்தான், எழுத்து மூலம் விசாரணை கேட்க வேண்டும். முடிவு வரும்வரை உதவி தொடர வேண்டும் என்றும் அதே தாளில் எழுத வேண்டும். இந்த இரண்டாவது வரியை விட்டுவிடுவதால் பலர் விசாரணை நடக்கும் மாதங்களில் பணமின்றித் தவிக்கிறார்கள். தோற்றால் அந்த மாதங்களின் தொகையைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் தெரிந்தே கேட்க வேண்டும். மருத்துவர் சீட்டு, காப்பகம் இடமில்லை என்று தந்த கடிதம், வேலை நேரத்தாள் ஆகியவற்றின் நகலை இணைத்து, கொடுத்ததற்கு முத்திரையிட்ட ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

காப்பகக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையோடு தனியாக இருக்கும் பெற்றோருக்குத் தகுந்த, கட்டுப்படியாகும் குழந்தைப் பராமரிப்பு கிடைக்கவில்லை என்றால், வேலை செய்யாததற்காக அவருடைய உதவியைக் குறைக்கவோ நிறுத்தவோ மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 1996 சட்டமே சொல்கிறது. நோட்டீஸின் முதல் பக்கத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. விசாரணையில் இதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இலவச சட்ட உதவி மையத்தில் முதலில் விசாரிக்க வேண்டியதும் இதைத்தான்.